பழைய உதிரிபாகம்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி: காருக்குப் புதிய பாகங்களின் விலை கட்டுப்படியாகாத நிலையில், புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரிபாகம் வாங்குவது சரியா?

பதில்: சென்னை எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையில், பயன்பாடு முடிந்த கார்களைப் பிரித்து விற்கும் கடைகள் நெடுங்காலமாக இயங்கிவருகின்றன. கதவு, பானெட், முகப்பு விளக்கு என, பழுதிருந்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும் பாகங்களை அங்கு வாங்குவதில் இடர் குறைவு. துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் மேல் நகர்த்தும்போது ஓரிடத்தில் பிடிப்புத் தளர்ந்தால், நசுங்கிய தகட்டைப் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை, பூசி மறைத்திருக்கக்கூடும். எஞ்சினின் சுழற்சியிலிருந்து மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டர் கையால் சுழற்றும்போது கரகரப்பின்றிச் சுழல வேண்டும். ஆயினும் அதன் மின்சுற்றின் நிலை அவ்வாறு தெரியாதாகையால், பழுதானால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குவது நலம்.

பிரேக் பேட், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது; ஏனெனில் விபத்தில் ஒருமுறை இழுபட்ட பெல்ட் வலுவிழந்திருக்கும், ஏர்பேக்கோ ஒரே ஒருமுறை விரிவதற்காக அமைக்கப்பட்டது.

எஞ்சினை மாற்றுவோர், அதன் எண் பதிவுச் சான்றில் இடம்பெறுவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். எண் சுரண்டப்பட்ட எஞ்சின் திருட்டு வண்டியினுடையதாக இருக்கலாம். திருட்டுப் பொருள் எனத் தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றமாகும்.