திருக்கோணமலையிலிருக்கும் மருமகனுக்கு

இளவாலை,
20-3-1943

அன்புள்ள மருமகனுக்கு அம்மான் எழுதிக்கொள்வது:

உமது கடிதம் கிடைத்தது. போன வருஷம் விபூதிப் புதனுக்கு மூன்று நாள் முந்திச் சிங்கப்பூர் விழுந்தது முதல் உமது தமையனிடமிருந்து ஒரு வரியும் வராதிருக்க, பாஸ்குத் திருநாளன்று காலையில் கொழும்பிலும், ஏப்பிரில் 9-ந் திகதி நீர் இருக்கிற துறைமுகத்திலும் ஜப்பானியர் குண்டு போட்டபின்பு, ஆகாயத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் செபமாலையை எடுத்துவிடுகிற உமது தாயாருக்கு, "இங்கே ஒரு பயமுமில்லை" என்று நீர் எழுதினதை நான் எந்த முகத்தோடு வாசித்துக் காட்டுவேன்?

"இரங்கூன் அரிசி நின்றபின் தேசம் முழுவதும் ஒருசந்திதானே, இதற்குமேல் தபசு எதற்கு?" என்றும் கேட்டிருக்கிறீர். கப்பல் வராததனால் நேர்ந்த பட்டினி வேறு. கர்த்தருடைய பாடுகளைத் தியானித்து மனம் பொருந்தி ஏற்கும் ஒருசந்தி வேறு. முன்னதில் கூப்பன் கடைக்காரனையும் அவன் போடும் கோதுமை மாவையும் வைதுகொண்டே தின்கிறோம். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் யுத்தத்தை முன்னிட்டு, விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் நீங்கலாக, ஒருசந்தி சுத்தபோசனங்களைத் தளர்த்த மேற்றிராணிமாருக்கு அதிகாரம் அளித்தது சரீரத்தின்மேல் வைத்த இரக்கத்தாலேயன்றி, ஆத்துமத்துக்கு லீவு கொடுக்கவல்ல.

அது கிடக்கட்டும். என் நெஞ்சில் முள்ளாயிருப்பது வேறொன்று. நமது கோவிலில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிற முறை நமது வீட்டாருடையது. உமது பேரனார் உம்மைப் பக்கத்தில் இருத்தி இராகம் பிசகாமல் பழக்கினார். பழக்கி என்ன பயன்? அத்தான் அந்த வேலிச்சண்டைக்காக மூப்பரோடு முறைத்துக்கொண்டு வாசிப்பை விட்டார். அந்தக் கதையை நான் கிளறவில்லை. ஆனாலும் நாலு பனை நின்ற எல்லைக்காகத் தேவ காரியத்தை விடலாமா? அத்தானும் போய்விட்டார், மூப்பரும் மாறிவிட்டார், வேலி மாத்திரம் நிற்கிறது. இப்போது வாசிக்கிற பிள்ளைகளோ பஸ் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஓடுகிறார்கள். இராயப்பர் சேவல் கூவக் கேட்டு அழுகிற இடத்திலும் மூச்சுவிட நிற்கிறார்களில்லை. அதை இயற்றின யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியாரும், அவருக்கு முன்னே 1687-ல் பிச்சைக்கார வேஷத்தோடு வந்திறங்கிப் பக்கத்துச் சில்லாலையில் அடைக்கலம் பெற்ற யோசேவாஸ் சுவாமியாரும், ஒல்லாந்தர் நமது வேதத்தைத் தடுத்திருந்த காலத்திலே, கைதாகும் அபாயத்தோடு ஊழியஞ் செய்தவர்கள். அந்தக் காலத்தில் நடந்த தபசை இந்தக் காலத்தில் நடத்த முடியாதென்று சொல்ல நமக்கு நாவு வரலாமா?

இன்னொன்று. செபிக்கும்போது ஜப்பானியர் நாசமாய்ப் போகவேண்டுமென்று செபியாதேயும். நாகசாக்கிப் பக்கத்தில் இருநூறு வருஷத்துக்கு மேலாகக் குருவானவர் இல்லாமல் வேதத்தை ஒளித்துக் காத்தவர்கள் 1865-ல் வெளிப்பட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இப்போது நம்மைப்போலவே ஒருசந்தி காப்பார்கள். சமாதானத்தைக் கேளும், உமது தமையனுக்காகக் கேளும், அவ்வளவே. உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சைரன் ஊதினபின் தேடுகிறவன் அவசரத்தில் பாதியை விட்டுவிடுவான். ஆகையால் இந்தக் கிழமையே போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணும். வேலை முடிந்தபின், சனி வந்தபின் என்று தவணை சொல்லவேண்டாம்.

பெரிய கிழமைக்கு ஊருக்கு வருவதும், ஓவர்டைம் செய்து அங்கே தங்குவதும் உமது சித்தம், நான் நிர்ப்பந்திக்கமாட்டேன். வியாழன் இரவு வாசிப்புக்கு உமது பெயரை மூப்பரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கிழவன் கோபமாய் எழுதிவிட்டான் என்று மனம் நோகாதேயும். எங்கள் குடும்பத்தில் உம்மைப்போலப் பொறுப்பான பிள்ளை இல்லை. மாதந்தோறும் நீர் அனுப்புகிற பணத்தைப் பற்றி உமது தாயார் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள், நானும் சொல்லாமலில்லை. லீவு கிடையாவிட்டால் அதற்காகத் துரைமாரோடு வாதாடவேண்டாம். கிடைத்தால் தந்தி அடியும், தெல்லிப்பழை ஸ்டேசனுக்கு நானே வண்டில் கொண்டு வருகிறேன். மாமி பனாட்டும் ஒடியல் மாவும் எடுத்து வைத்திருக்கிறாள். மாகோவில் வண்டி மாறும்போது வயிறாரச் சாப்பிடும். பிரயாணத்தில் ஒருசந்தி பிடிக்கவேண்டாம், நான் சுவாமியாரிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உமது அம்மான்