மியூனிக் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஒரகடம் லாரித் தொழிற்சாலையிலிருந்து உன்னைப் பயிற்சிக்கு ஸ்டுட்கார்ட் அனுப்புகிறார்கள் என்று கேட்டு மனம் நிறைந்தது. ஒரு சனிக்கிழமை ரயிலேறி மியூனிக் போய் வா. சுமார் இரண்டரை மணி நேரம். அங்கே ஹோஃப்பிராய்ஹவுஸ் என்ற பழைய பீர்க் கூடம் இருக்கிறது.

வீட்டில் முகம் சுளிப்பார்கள். டாஸ்மாக் பாரைத்தான் நினைப்பார்கள்: மளமளவென்று குடித்துவிட்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் நழுவுகிற இடம். ஹோஃப்பிராய்ஹவுஸிலோ பாட்டி, பேரக்குழந்தை என்று குடும்பமாக வந்து சாப்பிடுகிறார்கள். நீ குடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லெ கேள். யாரும் ஒருமாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். பீர் என்றால் பெரும்பாலும் ‘மாஸ்’ எனும் ஒரு லிட்டர் குவளைதான் வரும், யோசித்துச் சொல்.

1589-இல் பவேரியக் கோமகன் ஐந்தாம் வில்ஹெல்ம் ஹோஃப்பிராய்ஹவுஸை ஒரு பீர் ஆலையாகத் தொடங்கியதற்குக் காரணம் செலவு. அரண்மனைக்கான பீர் வடக்கே ஐன்பெக் நகரிலிருந்து வந்துகொண்டிருந்தது, விலை கட்டுப்படியாகவில்லை. நாமே காய்ச்சுவோம் என்று முடிவெடுத்தார். வெளிநாட்டு உதிரிபாகத்தை இருங்காட்டுக்கோட்டையிலேயே செய்யச் சொல்கிற கணக்கு உனக்குப் புதிதா என்ன! 1828-இல் பொதுமக்களையும் உள்ளே விட்டார்கள். பின்னாளில் ஆலை வேறிடம் போனது, கூடம் அங்கேயே இருக்கிறது.

உள்ளே போனால், யாராவது இடம் காட்டுவார்கள் என்று நிற்காதே. நீள மர மேசைகளில் காலியிடம் தெரிந்தால், இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார். கல்யாணப் பந்தி மாதிரிதான், பக்கத்து இலை யாருடையது என்று பார்ப்பதில்லை. ‘ஷ்டாம்டிஷ்’ என்று பலகை வைத்த மேசையை மட்டும் விட்டுவிடு. அது வாடிக்கைக் குழுவுக்கு உரியது. அவர்கள் தங்கள் சொந்தக் குவளைகளைப் பூட்டிவைக்கும் கம்பி அலமாரியை அவசியம் பார். சாப்பாட்டில் பன்றி இறைச்சி அதிகம், ஆகாதென்றால் முதலிலேயே கேட்டுக்கொள். பணத்தை மேசையிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

மாடி விழா மண்டபம் திறந்திருந்தால் ஏறிப் பார். 1920 பிப்ரவரி 24 அன்று ஹிட்லர் தன் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை அங்கேதான் அறிவித்தான். சுமார் இரண்டாயிரம் பேர் கூடியிருந்தார்கள். யூதர் எவரும் குடிமகனாக முடியாது என்பது அதில் ஓர் அம்சம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்ற அதே கட்டிடத்தில், அதைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறார்கள். பின்னர் போரில் குண்டு விழுந்து சிதைந்த மண்டபத்தை 1958-இல்தான் மீண்டும் திறந்தார்கள். கீழே பாண்டு வாத்தியம் கேட்ட மகிழ்ச்சியோடு அப்படியே ரயிலேறிவிடாதே. மேலேயும் போய்விட்டு வா.

அன்புடன்,
அண்ணன்