வெற்றுக் கட்டமும் பாட்டியின் பெயரும்
நிபந்தனை வினவல்கள் பற்றி ஒரு கணினிப் பாடம்

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலையின் தோட்டமொன்றில்தான் என் பாட்டி கொழுந்து கிள்ளினார். அங்கு உழைத்தவர்களின் பெயர்களைத் தொகுக்க, விடுமுறையில் லாராவெல் கட்டமைப்பில் ஒரு வலைச் செயலி எழுதினேன். பெயர், அழைக்கும் பெயர், டிவிஷன், உடன் வசிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை என நான்கு தேடல் கட்டங்கள்.

பாட்டியின் பெயரை மட்டும் தட்டச்சு செய்து தேடினேன். விடை வரவில்லை.

“என் பேரு இல்லியா ஐயா? முப்பது வருசம் கொழுந்து எடுத்தேனே!” என்றார்.

அவர் பெயர் தரவுத்தளத்தில் இருந்தது. பிழை என் வினவலில். நிரப்பாத கட்டத்தை லாராவெல் ‘நல்’ எனும் வெறுமையாக மாற்றுகிறது. அதை அப்படியே ‘வேர்’ நிபந்தனையில் கொடுத்தால், “டிவிஷன் பதியப்படாதவர்களைக் காட்டு” என்று பொருளாகிவிடும். பாட்டிக்கோ டிவிஷன் பதிவாகியிருந்தது, எனவே விடுபட்டார்.

இதற்குத் தீர்வு ‘வென்’ எனும் செயற்கூறு. முதலில் ஒரு மதிப்பைக் கொடுக்கிறோம். அது மெய்யானால் மட்டுமே அடுத்துள்ள நிபந்தனை வினவலில் சேரும். கட்டம் வெறுமையாயின் அந்த நிபந்தனையே இராது.

ஆனால் இங்கும் ஒரு பள்ளம் உண்டு. தனியாக வாழும் முதியவர்களுக்குத் தீபாவளி அரிசி கொடுக்க, பிள்ளைகள் எண்ணிக்கை 0 எனத் தேடினேன். எல்லார் பெயரும் வந்தது! பிஎச்பி மொழியில் 0 பொய்யாகக் கருதப்படுவதால் ‘வென்’ அதைத் தள்ளிவிட்டது. ஆகவே மதிப்பை நேரே கொடுக்காமல், கட்டம் நிரப்பப்பட்டதா என்று ‘ஃபில்ட்’ கொண்டு கேட்க வேண்டும். அதற்கு 0 நிரப்பிய கட்டமே.

மூன்றாவது, ‘அல்லது’. டிவிஷன் 2இல், பெயரோ அழைக்கும் பெயரோ லெட்சுமி என இருப்பவரைத் தேடுகிறோம். அடைப்புக்குறி இல்லாவிட்டால் ‘மற்றும்’ முந்திச் சேர்ந்துகொள்ளும். லெட்சுமி என்று அழைக்கப்படும் பிற டிவிஷன்காரர்களும் வந்துவிடுவர். இரு பெயர் நிபந்தனைகளையும் ஒரே ‘வேர்’ செயற்கூற்றுக்குள் வைத்தால் அடைப்புக்குறி தானே அமையும்.

நண்பர்களே, தேடல் பக்கம் எழுதினால் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்: கட்டத்தை வெறுமையாக விட்டு ஒருமுறை, 0 இட்டு ஒருமுறை, இரு நிபந்தனைகளைச் சேர்த்து ஒருமுறை. திரையில் பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. ஒருவரின் பெயர்தான் காணாமல் போகும்.

திருத்திய பிறகு பாட்டியை மீண்டும் அழைத்தேன். எழுத்துக் கூட்டித் தம் பெயரைப் படித்தார். பிறகு, “பக்கத்து லயத்து அக்கா பேரையும் தேடு” என்றார்.