தட்டினால் திறக்குமா?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

திருவரங்கத்துப் பெரிய கோயிலை ஏழு மதில்கள் சூழ்ந்திருப்பதை நம் ஊரில் அறியாதவர் இலர். ஒரு வாசலைக் கடந்தால்தான் அடுத்த சுற்று கண்ணுக்குத் தெரியும். இணையப் பக்கங்களிலும் இத்தகைய வாசல்கள் உண்டு. ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்தால் 'கட்டணம்', 'விடுதி', 'உதவித்தொகை' என்று தலைப்புகள் மட்டும் வரிசையாக நிற்கும். பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. தொட்டவுடன் விவரம் விரியும். மறுபடி தொட்டால் மடங்கும். துருத்தி விரிந்து சுருங்கும் அக்கார்டியன் என்ற இசைக்கருவியின் பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார்கள். (நம் சிற்றாலய ஆர்மோனியத்தின் துருத்தியை நினைத்துக்கொண்டால் போதும்.) சிறிய கைப்பேசித் திரையில் நீண்ட பக்கத்தை அடக்க இது நல்ல வழிதான்.

ஆனால் இவ்வாசல் எல்லோருக்கும் திறக்கிறதா? திருச்சி புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்குள்ள நம் வயதுத் தோழியரும் நம்மைப் போலவே பொதுத்தேர்வு எழுதுகின்றனர். மேற்படிப்புக்கு இடம் தேடுகின்றனர். பார்வையற்றோர் கணினியில் பெரும்பாலும் மௌஸைத் தொடுவதில்லை. 'டேப்' விசையை அழுத்தி ஒவ்வோர் இடமாக நகர்வார்கள். திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் அங்குள்ளதை உரக்கப் படிக்கும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கிய 'என்விடிஏ' இவற்றுள் ஒன்று. அவரும் பார்வையற்றவரே. இது விலையின்றிக் கிடைக்கிறது, தமிழும் படிக்கும்.

நாங்கள் கணினி அறையில் மௌஸைக் கழற்றி வைத்து, திரையையும் அணைத்துவிட்டு, ஒரு தளத்தை (பெயர் வேண்டாம்) இதன் துணையால் படிக்க முயன்றோம். டேப் விசை தலைப்புகள் அனைத்தையும் தாண்டிக் குதித்துப் பக்கத்தின் அடியில் போய் நின்றது. கட்டணம் எவ்வளவு என்பது கடைசிவரை தெரியவில்லை!

காரணம் எளிது. தலைப்பை 'டிவ்' என்னும் வெறும் பெட்டியாக அமைத்து, மௌஸின் சொடுக்குக்கு மட்டும் திறக்கும்படி செய்திருந்தார்கள். விசைப்பலகைக்கு அது சுவர். அதையே 'பட்டன்' என்று எழுதியிருந்தால் டேப் விசை அங்கே நிற்கும். என்டர், ஸ்பேஸ் இரண்டுக்கும் திறக்கும்.

அத்துடன் வேலை முடியவில்லை. கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறுவதைப் பார்த்து, கதவு திறந்துவிட்டது என்று நாம் அறிகிறோம். காது எப்படி அறியும்? பட்டனில் 'ஏரியா-எக்ஸ்பாண்டட்' என்ற குறிப்பைச் சேர்த்து, மூடியிருக்கையில் 'ஃபால்ஸ்', திறந்ததும் 'ட்ரூ' என்று மாற்றினால் திரைவாசிப்பான் அந்நிலையைச் சொல்லும். மாற்ற மறந்தால் பொய் சொல்லும். அதற்கு அது பேசாமல் இருப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. மூடிய பகுதியை உண்மையாகவே மறைக்கவும் வேண்டும். கண்ணுக்கு மட்டும் மறைத்தால், டேப் விசை உள்ளே கிடக்கும் இணைப்புகளில் ஒவ்வொன்றாக நின்று படிப்பவரைக் குழப்பும்.

பார்வையற்றோருக்கு மட்டுமா இத்தொல்லை? கை நடுங்கும் தாத்தா பாட்டியர் சின்னஞ்சிறு கூட்டல் குறியைத் தொட முடியாமல் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். 2023-இல் வெளியான உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறை 2.2, சில விலக்குகள் நீங்கலாக, தொடுமிடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்கவேண்டும் என்கிறது. தலைப்பு வரி முழுவதையுமே பட்டனாக்குவது இன்னும் நல்லது.

இதெல்லாம் இரக்கத்தால் செய்யும் உதவி என்று எண்ணிவிடக் கூடாது. மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்துள்ளது.

ஹெச்டிஎம்எல் பழகும் தங்கையருக்கு இன்னொரு செய்தி. அம்மொழியில் 'டீடெயில்ஸ்', 'சம்மரி' என இரு குறிகள் உள்ளன. விவரம் முழுவதையும் முதலாவதற்குள்ளும், தலைப்பை இரண்டாவதற்குள்ளும் இட்டால், விசைக்குத் திறப்பதையும் நிலையைச் சொல்வதையும் உலாவியே கவனித்துக்கொள்ளும். மொத்தம் நான்கைந்து வரிதான். மதிய இடைவேளையில் கணினி அறைக்கு வந்தால் எழுதிக் காட்டுகிறோம்.