கொட்டேஷனை வரி வரியாகப் படி, தங்கச்சி

போன வாரம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே ஒரு வரி போட்டிருந்தாய்: "அக்கா, 35,000 தள்ளுபடி தர்றாங்க. நாளைக்கே புக் பண்ணிடவா?" போனில் அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உன்னைப் போல முதல் கார் வாங்கப் போகிற தங்கைகளும் படிக்கட்டும்.

அந்த 35,000-ஐக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, தாளை மேலிருந்து கீழே படி. ஷோரூம் விலை 8,50,000. அதற்கு ஆயுட்கால வரி 13 சதவீதம், 1,10,500. இந்த இரண்டிலும் தப்பு இல்லை. அதற்குக் கீழே வருவதைப் பார். ரிஜிஸ்ட்ரேஷன் செலவு 9,000. இன்சூரன்ஸ் 46,800. ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500. எசென்ஷியல் கிட் 18,900. டெஃப்லான் கோட்டிங் 7,500. ஃபாஸ்டேக் 600. பேரம் என்பது இந்த வரிகளில்தான் இருக்கிறது. நான் பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். கேட்டால் குறைகிற, கேட்டால் போய்விடுகிற தொகை மட்டும் 55,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. மேலே 35,000 கழித்துவிட்டு, கீழே அதைவிட அதிகமாக ஏற்றியிருக்கிறார்கள். அதனால் இனிமேல் ஷோரூமில் "எவ்வளவு தள்ளுபடி?" என்று கேட்காதே. "ஆன் ரோடு மொத்தம் எவ்வளவு? ஒவ்வொரு வரியும் எதுக்கு?" என்று கேள்.

ரிஜிஸ்ட்ரேஷனில் தொடங்கலாம். சொந்த உபயோகக் காருக்கு ஆர்.டி.ஓ. பதிவுக் கட்டணம் 600 ரூபாய். லோன் போட்டால் அதை ஆர்.சி.யில் ஏற்ற 1,500. அட்டைக்கும் வேறு சில்லறைக் கட்டணங்களுக்கும் கொஞ்சம். 9,000 எப்படி வந்தது? "அரசாங்கத்துக்குக் கட்டின ரசீது எவ்வளவுக்கு இருக்கோ, அவ்வளவு நான் கொடுத்துடறேன்" என்று மட்டும் சொல். குரலை உயர்த்த வேண்டாம். ஹேண்ட்லிங் சார்ஜுக்கும் இதே கேள்விதான். காரைக் கழுவி, பாலிஷ் போட்டு, உன் கையில் ஒப்படைப்பது விற்பவரின் வேலை. அதற்குத் தனியாக ஏன் தரவேண்டும்? 2019-ல் நான் திருச்சியில் கார் வாங்கியபோது இந்த வரியைக் கவனிக்காமல் 8,500 கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பில்லைத் தேடினால் அந்தத் தொகைக்கு ரசீதே இல்லை. என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை. இதை எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்து இன்சூரன்ஸ். இதில்தான் பெரிய பணம் நிற்கிறது. புதுக் காருக்கு தேர்டு பார்ட்டி காப்பீடு மூன்று வருஷத்துக்கு எடுத்தே ஆகவேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். உன் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி ஒரு வருஷத்துக்கு எடுத்தால் போதும். தேர்டு பார்ட்டி கட்டணம் எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான், அதில் பேச ஒன்றுமில்லை. ஓன் டேமேஜில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். ஷோரூமில் எடுத்தால்தான் வண்டி தருவோம் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீ வெளியே இரண்டு கம்பெனிகளில் அதே ஐ.டி.வி. (வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கவர்), அதே இன்ஜின் ப்ரொடெக்ட் (தண்ணீர் புகுந்து இன்ஜின் பாழானால் கவர்) போட்டு விலை வாங்கு. ஐ.டி.வி.யைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தைக் குறைப்பவர்களும் உண்டு. புது வண்டிக்கு அது ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்கவேண்டும். சென்னையில் இருந்துகொண்டு இன்ஜின் ப்ரொடெக்ட் இல்லாமல் எடுக்காதே. 2015-லும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீரில் நின்ற கார்களை நீயே பார்த்திருக்கிறாய்.

வெளி விலையைக் காட்டியதும், "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது மேடம், வாரன்டி போயிடும்" என்பார்கள். இன்சூரன்ஸ் எங்கே எடுத்தாய் என்பதற்கும் கார் கம்பெனியின் வாரன்டிக்கும் சம்பந்தமே இல்லை. கேஷ்லெஸ் வசதி அந்த இன்சூரன்ஸ் கம்பெனி எந்தெந்த சர்வீஸ் சென்டரோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பட்டியலில் உன் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். "வெளியில எடுத்தா தள்ளுபடி கேன்சல்" என்றால் கோபப்படாதே. "அப்ப இந்த விலைக்கே நீங்க போட்டுக் கொடுங்க, உங்ககிட்டயே எடுத்துக்கறேன்" என்று தாளை முன்னால் வை. பெரும்பாலும் இறங்கி வருவார்கள். ஏற்கெனவே கார் வைத்திருந்து மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நோ க்ளைம் போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்கும்போது அதற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டால், புதுக் காரின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். பழைய கார் எக்ஸ்சேஞ்சையும் புதுக் கார் விலையையும் ஒரே பேச்சில் கலக்கவிடாதீர்கள். முதலில் புதுக் காரின் விலையை முடித்துவிட்டு, பிறகு பழைய காரைப் பற்றிப் பேசுங்கள்.

கிட், கோட்டிங் எல்லாம் வேண்டாம் என்றே சொல்லிவிடு. மேட், சீட் கவர், மட் ஃப்ளாப் உனக்கு வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை ஜி.பி. ரோடு போனால் தொட்டுப் பார்த்து, பிடித்ததை வாங்கலாம். "கிட் இல்லாம பில் ஆகாது" என்று சொன்னால் மேனேஜரைக் கூப்பிடச் சொல். ஒரே ஒரு எச்சரிக்கை: வயரை வெட்டிப் பொருத்தவேண்டிய ஹாரன், லைட், கேமரா எதையும் வெளியே போடாதே. எலெக்ட்ரிகல் வாரன்டிக்குப் பிரச்சினை வரும்.

இனி ஒரு கணக்கு. நீ மேல் வேரியன்ட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுட்கால வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வரி மொத்த விலைக்கும் விழும், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல. 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் காருக்கு 1,80,900. சன்ரூஃபுக்காகப் பத்தாயிரம் கூடக் கொடுத்தால் வரியில் இன்னொரு 51,550 போகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் வசூலிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்குக் காட்டும்போது திரும்பக் கிடைக்கும், மறக்காமல் கேட்டு வாங்கு. பாண்டிச்சேரி அட்ரஸில் பதிந்தால் வரி மிச்சம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிவிடு. நிரந்தரமாக இங்கே ஓடுகிற வண்டிக்கு இங்கேதான் வரி கட்டவேண்டும்.

இன்னொன்றும் கவனி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் செஸ்ஸும் என்றிருந்தது 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலையைக் காட்டி, "இவ்வளவு குறைச்சிருக்கோம்" என்று யாராவது சொன்னால், அது அரசாங்கம் குறைத்தது. ஷோரூம் தன் பங்குக்கு என்ன குறைத்தது என்று தனியாகக் கேள். கன்ஸ்யூமர் ஆஃபர், கார்ப்பரேட் ஆஃபர், லாயல்டி என்று தள்ளுபடி பல பெயர்களில் இருக்கும். நீ வேலை பார்க்கும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டாயா? ஐ.டி. கார்டு ஜெராக்ஸ் ஒன்றுதான் செலவு.

எப்போது வாங்குவது? ஆயுத பூஜை, தீபாவளி, அட்சய திருதியை சமயத்தில் வாசலில் வரிசை நிற்கும். யாரும் உன்னிடம் இறங்கிப் பேசமாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் வண்டி எடுக்கத் தயங்குவதால் ஷோரூம் காலியாக இருக்கும், பேச்சுக்கு இடம் கிடைக்கும். அம்மா மார்கழியில் வேண்டாம் என்பாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் மார்கழியில் ஒரு விஷயம் பார்க்கவேண்டும். டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் எடுத்தாலும் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருஷமும் பழையதாகவே இருக்கும். விற்கப் போகும்போது ஒரு வருஷம் கூடுதலாகக் கணக்கிடுவார்கள். அந்த இழப்பை ஈடுகட்டுகிற அளவுக்குத் தள்ளுபடி இருந்தால் எடு. நீ பத்து வருஷம் ஓட்டப் போகிறவள், உனக்கு இது லாபம்தான். மூன்று வருஷத்தில் மாற்றுகிறவர்களுக்கு அல்ல. புக்கிங் ஃபாரத்தில் "டெலிவரி நாள் விலையே செல்லும்" என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஜனவரியில் கம்பெனிகள் விலை ஏற்றுவது வழக்கம் என்பதால், பேசிய விலைக்குக் கையெழுத்தும் சீலும் வாங்கிவிட்டுப் பணம் கட்டு.

பேசுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் என் காரை வாங்க நானும் மாமாவும் போனோம். "சார், உட்காருங்க" என்று அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு, விலை, மைலேஜ், இன்ஜின் எல்லாம் அவரிடமே சொன்னார்கள். என்னிடம் கேட்டது கலர் மட்டும். காசோலை என் பெயரில் இருந்தது. நீ தனியாகப் போனால் "சார் வரலையா மேடம்?" என்று கேட்பார்கள். "வண்டி எனக்குத்தான், நான்தான் ஓட்டப்போறேன், என்கிட்டயே சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஃபைலை மேஜைமேல் வை. டெஸ்ட் டிரைவும் நீயே ஓட்டு. அந்த விற்பனைப் பையனிடம் மரியாதையாகப் பேசு. அவனுக்கும் மாசக் கடைசியில் டார்கெட் இருக்கிறது. அவனால் குறைக்க முடியாததை மேனேஜரால் குறைக்க முடியும், அவரைப் பார்க்கவேண்டும் என்று கேள். அதே கார் கம்பெனிக்குச் சென்னையில் பல டீலர்கள் இருக்கிறார்கள், செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் விசாரிக்கலாம். ஆயுட்கால வரி மாநிலம் முழுக்க ஒன்றுதான். மூன்று இடத்தில் சீல் போட்ட கொட்டேஷன் வாங்கு. வாயால் சொன்ன விலைக்கு மதிப்பில்லை. "இன்னைக்கு மட்டும்தான் மேடம் இந்த ஆஃபர்" என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு. மாசம் 28, 29 தேதியில் அவர்களே கூப்பிடுவார்கள்.

விலையில் அசையாவிட்டால் பேச்சை இ.எம்.ஐ. பக்கம் திருப்புவார்கள். "மாசம் 12,900தான் மேடம்" என்பார்கள். 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி என்று வை. ஏழு வருஷத்துக்குப் போட்டால் மாசம் 12,871, வட்டி மட்டும் 2.81 லட்சம். ஐந்து வருஷம் என்றால் மாசம் 16,607, வட்டி 1.96 லட்சம். மாசத் தொகை குறையக் குறைய வட்டி ஏறுகிறது. உன் சம்பளம் போகிற பாங்கிலேயே முதலில் கடன் ஒப்புதல் வாங்கிக்கொண்டு போ. வட்டியை "ஃப்ளாட்" என்று சொன்னால் உஷார், அடைத்துவிட்ட அசலுக்கும் சேர்த்தே வட்டி போடுவார்கள். குறைகிற நிலுவைக்கு என்ன வட்டி என்று கேள். பிராசசிங் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் என்ன பிடித்தம் என்பதையும் எழுதி வாங்கு. முன்பணத்தை ஷோரூமின் கணக்குக்கு மட்டும் அனுப்பு. எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும் அவனுடைய ஜி-பேக்கு அனுப்பாதே.

கடைசியாக, பதிவு செய்வதற்கு முன்னால் வண்டியைப் பார்த்தே ஆகவேண்டும். ஆர்.டி.ஓ.வில் உன் பெயர் ஏறிவிட்டால் பிறகு வேறு வண்டி கேட்பது கஷ்டம். பகல் வெளிச்சத்தில் யார்டுக்குப் போ. இன்வாய்சில் இருக்கும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2825 என்றால் 2025-ன் 28-வது வாரம் தயாரானது. நாலு டயரிலும் குனிந்து பார், ஸ்டெப்னியிலும் பார். ஒன்று மட்டும் வெகுவாக விலகியிருந்தால் ஏன் என்று கேள். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் குறியீட்டையும் பார். ஒன்றில் மட்டும் வேறு கம்பெனி பெயர் இருந்தால் அது மாற்றப்பட்டிருக்கலாம். கதவோரங்களில் விரலை ஓட்டிப் பெயின்ட்டைத் தடவு. ஓடிய கிலோமீட்டரை போட்டோ எடுத்துக்கொள்.

டெலிவரி அன்று அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுக்க அவசரப்படுத்துவார்கள். அதற்கு முன்னால் நிஜச் சாவி இரண்டு இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, இன்வாய்சிலும் இன்சூரன்சிலும் உன் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. எலுமிச்சம்பழம் நான் கொண்டு வருகிறேன்.