கட்டடக் கடன்: கேட்க வேண்டிய தொகை எவ்வளவு?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரை வரை தொடர்மாடிகள் எழும்பிய காலம் முதல், சீமெந்தும் கம்பியும் டைல்ஸும் கடனுக்குக் கொடுத்த நமது வியாபாரிகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கட்டடம் கண் முன்னே நிற்கிறது. அதன் மேல் உரிமை கோர முடியாதா?"

அமெரிக்காவில் முடியும். வாஷிங்டன் நகரைக் கட்டுவதற்காக மேரிலாந்து மாநிலம் 1791இல் அப்படியொரு சட்டம் செய்தது. நம் நாட்டில் பொருள் கொடுத்தவருக்கு அப்படியொரு சட்டம் இல்லை. ரோமன் டச்சுச் சட்டப்படி, கட்டியவர் தன் பணம் கிடைக்கும் வரை கட்டடத்தைத் தன் வசம் வைத்திருக்கலாம். சாவியைக் கையளித்தால் அந்த உரிமையும் போய்விடும். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் விற்பனையாளருக்குத் தரும் பிடிமானமும், பொருள் அவர் கையில் இருக்கும் வரைதான். லொறியிலிருந்து இறங்கி வாங்கியவர் கைக்குப் போன சீமெந்து உங்களுடையதல்ல. கொந்தராத்துக்காரரிடம் விற்றீர்கள் என்றால் கேட்க வேண்டியதும் அவரிடமே. காணிச் சொந்தக்காரரிடம் அல்ல.

ஆகவே கையில் மிஞ்சுவது கணக்கு மட்டுமே. உதாரணத்துக்கு, பில்கள் மொத்தம் 1,840,000 ரூபா, வந்த பணம் 1,000,000 ரூபா என்று வைப்போம். மீதி 840,000. வியாபாரி இதனுடன் பேசாத லொறிக் கூலி, அலைச்சல் செலவு எல்லாம் சேர்த்துப் பத்து இலட்சமாக்கி விடுவார். "கூடக் கேட்டால்தானே குறைத்துத் தருவான்" என்பது நமது பழைய கணக்கு. நீதிமன்றத்தில் அது நம்மையே சுடும். திரும்பி வந்த டைல்ஸ் பெட்டிகள் 90,000 ரூபா. அதைக் கழித்தால் 750,000. அதிலும் 120,000 ரூபாவுக்கான டெலிவரி நோட்டில் கையொப்பமே இல்லை. கேட்க வேண்டியது 750,000. உறுதியாக நிரூபிக்கக் கூடியது 630,000. சட்டத்தரணியிடம் இந்த இரண்டு தொகையையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நியூயோர்க் மாநிலச் சட்டத்தில் வேண்டுமென்றே கூட்டிக் கேட்டால் முழு உரிமையுமே செல்லாது. இங்கே அந்த விதி இல்லாவிட்டாலும், குறுக்கு விசாரணையில் ஒரு பொய்ப் பில் பிடிபட்டால் மற்றப் பில்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

ஒரே கொந்தராத்துக்காரர் தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் வேலை செய்தால் இரண்டு கணக்கு வையுங்கள். அவர் தரும் பணம் எந்தப் பில்லுக்கு என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். வேலைக்கு உத்தரவாதமாகப் பிடித்து வைக்கும் பணம் இருந்தால், விடுவிக்கும் நாள் வரும் வரை அதைத் தனியாகக் காட்டுங்கள்.

நான் அதிகம் அஞ்சுவது காலத்துக்குத்தான். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, விற்றுக் கொடுத்த பொருள், கடைப் பில், புத்தகக் கடன், செய்த வேலைக் கூலி ஆகியவற்றுக்குக் கடன் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள். "பெருநாள் முடியட்டும், சித்திரை வருடம் முடியட்டும்" என்று முகத்துக்காகப் பொறுப்பதிலேயே அந்த ஓராண்டு கரைந்து விடுகிறது. வாய்மொழியாக "தருகிறேன்" என்றால் காலம் நீளாது. மீதித் தொகையை எழுதி அவர் ஒப்பமிட்ட கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை அடுத்த லொட் பொருள் ஏற்றுவதற்கு முன்னர் கேளுங்கள். சீமெந்து தேவைப்படும்போதுதான் அவருடைய பேனா எழுதும்.