வீட்டில் படிப்பிக்கும் பெற்றோர் புத்தகம் தெரிந்துகொள்ளும் விதம்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்தபின் ஒரு தகப்பனும் தாயும் தங்கள் மகனோடு பங்கு வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் ஒரகடம் பக்கம் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள். ஐந்தாம் வகுப்புப் பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிப்பிக்கப் போவதாகவும், அதற்கு வாங்கிய புத்தகங்களை நான் பார்த்துச் சொல்லவேண்டுமென்றும் கேட்டார்கள். ஒரு பெட்டி நிறைய இருந்தது: ஆங்கில இலக்கணம், மனக்கணக்கு, வழவழப்பான தாளில் விஞ்ஞானப் படங்கள். விலை ஆறாயிரம் ரூபாயாம். "போதுமா சாமி?" என்றார் தகப்பனார். நான் பையனைக் கூப்பிட்டுத் தமிழ்ப் புத்தகத்தில் நான்கு வரி வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் வரியில் நின்றுவிட்டான்.

பெற்றோரே பிள்ளைக்கு முதல் ஆசிரியர் என்பது 1965-ல் வத்திக்கான் சங்கம் கல்வியைப் பற்றிச் சொன்ன போதனை. அதை என் பிரசங்கத்தில் கேட்டுத்தான் தைரியம் கொண்டதாகத் தாயார் சொன்னார். ஆகையால் இதில் எனக்கும் பொறுப்பு உண்டு.

புத்தகம் வாங்குமுன் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறான் என்று பார்க்கவேண்டும். சத்தமாக ஒரு பக்கம் வாசிக்கட்டும். நீங்கள் சொல்ல ஐந்து வரி எழுதட்டும். கடன் வாங்கிக் கழித்தல் இரண்டு போடட்டும். அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். நம் அரசாங்கம் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே பாடம் நடத்தினார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அண்டைவீட்டார் சிரிப்பார்களே என்று பெரிய புத்தகத்தை வைத்துக்கொண்டு விழிப்பதுதான் நஷ்டம்.

பிறகு, எந்தப் பரீட்சைக்கு இந்தப் படிப்பு என்று கேட்கவேண்டும். இதை மறந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பதினாறு வயதில் ஐ.டி.ஐ. வாசலில் காட்ட ஒரு சான்றிதழும் இராது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.) 1989-ல் ஏற்பட்டது. அதன் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்கள், ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது தரம் எழுதலாம், தேறிய பாடத்தை மறுபடி எழுதவேண்டாம். மெதுவாய்ப் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய உபகாரம். நம் மாநிலத் தேர்வே வேண்டுமென்றால், பன்னிரண்டரை வயது நிறைந்தவன் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராய் எழுதி, பின் பத்தாம் வகுப்புக்குப் போகலாம். அப்போது விஞ்ஞானச் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதியவேண்டும். எந்த வழியானாலும், நாளை பிள்ளை சேரவேண்டிய இடத்தில் அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று முதலிலேயே விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பரீட்சை இன்னதென்று தெரிந்தால் புத்தகமும் தானே தெரிந்துவிடும்; அந்தப் பரீட்சையை நடத்துகிறவர்களின் புத்தகமே முதற் புத்தகம்.

சட்டத்தையும் மறைக்கக் கூடாது. 2010 ஏப்ரல் முதல் அமலிலுள்ள கட்டாயக் கல்விச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. வீட்டுக் கல்விக்கென்று அதில் தனி ஏற்பாடு கிடையாது. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, படிப்பு விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விசேஷப் பயிற்சி கொடுத்து மற்றவர்களோடு சமமாக்க வேண்டும் என்று சொல்லுகிறது. ஆகையால் வீட்டில் படிப்பித்துப் பார்த்துச் சரிப்படாதவர்கள் வெட்கத்தால் வருஷத்தைக் கடத்தவேண்டாம். சிறு பிள்ளையாயின், பெயர் பள்ளியில் இருக்க, மாலையில் பெற்றோர் ஒரு மணி நேரம் உட்காருவதே மேல் என்பது என் எண்ணம்.

துணைப் புத்தகங்களுக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. 2018 முதல் புதுப்பித்து வெளியான நம் மாநிலப் பாடநூல்களைக் கைப்பேசியில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிப்படியாய் நிலை பிரித்துக் கிடைக்கின்றன. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் உதவும். ஆனால் பிள்ளையை அதன் முன் உட்காரவைத்துவிட்டுத் தாய் தூங்கப்போனால் அது படிப்பாகாது. (இரவு ஷிப்டு முடித்து வந்தவருக்குத் தூக்கமும் வேண்டும், அறிவேன். அதனால்தான் யார், எந்த வாரம், எத்தனை மணிக்கு என்று ஷிப்டு அட்டவணையின் பக்கத்திலேயே எழுதி ஒட்டச் சொல்லுகிறேன்.) கணக்குக்கு வீட்டிலேயே பொருள் இருக்கிறது. மின்சாரக் கட்டண யூனிட்டைக் கூட்டச் சொல்லுங்கள். சற்றுப் பெரிய பிள்ளையிடம் சம்பளச் சீட்டைக் கொடுத்து, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பி.எப். பன்னிரண்டு சதம் எவ்வளவு என்று கேளுங்கள். தகப்பன் உழைப்பு எங்கே போகிறதென்றும் பிள்ளைக்குத் தெரியவரும்.

நான் சொன்ன அந்தப் பையன் இன்னும் பள்ளிக்குப் போகிறான். மாலையில் தாயோ தகப்பனோ, வேலையில்லாதவர், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தோடு அவனருகே உட்காருகிறார்கள். மே மாதத்தில் மறுபடி பேசி முடிவு செய்வதாய் ஒப்புக்கொண்டிருக்கிறோம். புத்தகப் பெட்டியை விற்றவர் திரும்ப வாங்க மறுத்துவிட்டாராம். அது கட்டிலுக்கடியில் கிடக்கிறது. விஞ்ஞானப் படங்களை மட்டும் அவன் தங்கை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறாளாம்.